பதினைந்தாம் குழி

முகாமில் இறங்கிய முதல் நாளே அவனுக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டது. நாங்கள் இருபது பேரும் தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, மைதானத்தில் வரிசை கட்டத் தெரியாமல் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டிருந்தோம். இவன் மட்டும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினான். உள்ளங்கையில் அழுத்தி உருட்டினான். ஒரு முழம் உயரத்துக்குத் தூக்கிப் போட்டுப் பிடித்தான். உருண்டை உடையவில்லை. திருப்தியாகக் கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே பயிற்சி சார்ஜன்ட் இடுப்பில் கை வைத்து நிற்கிறார்.

"என்னடா மண்ணாங்கட்டி, வீடு கட்டப் போறியா இங்க?" என்றார்.

அத்தோடு அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயர் காணாமல் போனது. சார்ஜன்ட்டுக்கு நாங்கள் வைத்த பெயர் விசில். கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும். குளிக்கும்போதுகூட அதைக் கழற்றுவதில்லை என்று, எங்களில் குறட்டை என்று பெயர் வாங்கிய ஒருவன் சத்தியம் செய்தான். அவன் எங்கே போய்ப் பார்த்தான் என்று நாங்கள் கேட்கவில்லை.

பட்டாளத்தில் பட்டப்பெயரும் நமக்குள்தான். மற்றபடி எண்தான் ஆள். நான் பதினாலு. மண்ணாங்கட்டி பதினைந்து. குறட்டை பதினாறு. கட்டிலும் அந்த வரிசை, சாப்பாட்டு மேசையும் அந்த வரிசை, கழிப்பறைக்கு நிற்பதும் அந்த வரிசை. பன்னிரண்டு வாரம் நான் யாருடைய வியர்வை வாடையில் தூங்கினேன் என்று கேட்டால் மண்ணாங்கட்டியின் பெயரைத்தான் சொல்ல வேண்டும்.

அவன் கதையை அவனாகச் சொல்லவில்லை. நான்தான் நோண்டி நோண்டி வாங்கினேன். அவன் அப்பா குழி வெட்டும் மேஸ்திரி. நகரத்துத் தெருக்களில் சாக்கடைக் குழாய், தண்ணீர்க் குழாய், கட்டடத்துக்கு அஸ்திவாரம், எதுவானாலும் பள்ளம் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மூத்தவன் பதினாறு வயதில் பள்ளத்தில் இறங்கினான். இவனும் அதே வயதில் இறங்கினான். இறங்குவதற்கு முன்னால் அப்பா ஒரு பிடி மண்ணை உருட்டித் தூக்கிப் போட்டுப் பிடிப்பார். உருண்டை கையில் விழுந்ததும் உடைந்தால், பலகை முட்டுக் கொடுக்காமல் யாரும் இறங்கக் கூடாது. அவர் வீட்டில் சட்டம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

ஒரு நாள் அப்பாவுக்குக் காய்ச்சல். மருந்துக் கடை வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம். ஒப்பந்தக்காரர் அவசரப்படுத்தினார். மூத்தவன் உருட்டிப் பார்க்காமல் இறங்கிவிட்டான். பட்டப்பகல், தெரு நிறைய ஜனம். கடைக்காரர் சில்லறை கொடுத்துத் திரும்புவதற்குள் பள்ளத்தின் ஒரு பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. இவன் மேலே நின்று வாளி இழுத்துக்கொண்டிருந்தவன். கையில் கயிறு இருக்கிறது, கயிற்றின் மறுமுனை மண்ணுக்குள் போகிறது.

"கயிறு கொஞ்ச நேரம் ஆடுச்சுடா," என்றான் என்னிடம்.

அப்பா அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. ஒரு வருடம் படுத்திருந்து போய்ச் சேர்ந்தார். அம்மா தரைத்தள வீட்டைக் காலி செய்துவிட்டு, டயர்க் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் ஒரே அறை பார்த்துக் குடி போனாள். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கும் வேலை அவளுக்கு. மகனிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: இனி பள்ளத்தில் இறங்கக் கூடாது. அவனுக்கோ வேறு தொழில் தெரியாது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற நோட்டீஸைப் பார்த்து ஓடி வந்துவிட்டான்.

"துப்பாக்கி குடுப்பாங்கன்னு நம்பி வந்தேன்டா," என்று சிரிப்பான். "இங்க வந்தா மொதல்ல மண்வெட்டியக் குடுக்கறாங்க. தலையெழுத்து பாரு, எனக்கு முன்னாடியே இங்க வந்து உக்காந்திருக்கு."

சிரிப்பானே தவிர அவன் உடம்பு சிரிக்கவில்லை. எங்கள் கூடம் தாழ்ந்த கூரை, சின்னச் சின்ன ஜன்னல். விடிந்ததும் அவனுக்கு மூச்சு முட்டும். எழுந்து தண்ணீர்த் தொட்டி இருந்த மேடைமேல் ஏறி நின்றுகொள்வான். அங்கே நின்று வாயைத் திறந்து காற்றைக் குடிப்பான். சரியாக அந்த நேரத்தில்தான் காலை எண்ணிக்கை எடுப்பார்கள்.

இந்த எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விசில் ஊதியதும் அவரவர் இடத்தில் நின்று எண்ணைக் கத்த வேண்டும். ஒன்று, ரெண்டு, மூணு என்று இருபது வரை இடைவெளி விழாமல் ஓட வேண்டும். நடுவில் தடுக்கினால் இருபது பேரும் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட வேண்டும். விசில் முகத்தைப் பார்ப்பதில்லை. குனிந்து அட்டையில் எழுதிக்கொண்டே காதால் எண்ணுவார். இருபது குரல் கேட்டால் இருபது ஆள். இரண்டாம் வாரமே எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாராவது இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவன் குரலை மாற்றி அவன் எண்ணையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் எனக்காக அதைச் செய்தவன் மண்ணாங்கட்டிதான். எனக்கு வயிறு கெட்டு நான் கழிப்பறையில் மாட்டிக்கொண்ட காலையில், பதினாலையும் பதினைந்தையும் அவனே சொல்லிவிட்டான்.

"உன் குரல் ரொம்ப சுலபம்டா," என்றான். "மூக்கப் பிடிச்சுக்கிட்டா போதும்."

நான் பதிலுக்குக் கற்றுக்கொண்டேன். அவனுடையது அடித்தொண்டையிலிருந்து வரும் தடித்த குரல். தாடையை மார்பில் அழுத்தினால் வந்துவிடும். வாரத்துக்கு மூன்று நாள் அவன் மேடைமேல் நிற்பான், நான் கீழே "பதினாலு, பதினஞ்சு" என்று இரண்டு ஆளாக நிற்பேன். குறட்டைக்கே சில நாள் சந்தேகம் வந்து திரும்பிப் பார்ப்பான். எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை. படிப்பில் தேறாதவனுக்கு ஏதோ ஒரு வித்தை கைவந்துவிட்டதே என்ற பெருமை. கடைசியில் நான் யோசித்தே செய்யவில்லை. பதினாலுக்குப் பிறகு இடைவெளி விழுந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

பன்னிரண்டாம் வாரம் களப் பயிற்சி. மூன்று நாள். முதல் நாள் முதுகில் மூட்டையோடு நடை, இரண்டாம் நாள் பதுங்குகுழி வெட்டுவது, மூன்றாம் நாள் அந்தக் குழிக்குள் நாங்கள் உட்கார்ந்திருக்க, எங்கள் தலைக்கு மேலே டாங்கி ஓடும். டாங்கியைக் கண்டு பயம் போக வேண்டுமாம். பயம் போனதோ இல்லையோ, அந்த மூன்று நாளையும் முடித்தவன் தேறினான், முடிக்காதவன் அடுத்த அணியோடு முதல் வாரத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

மண்ணாங்கட்டிக்கு எங்கள் எல்லோரையும் விட நல்ல இடம் காத்திருந்தது. சிக்னல் பிரிவுக்கு ஆள் கேட்டபோது, உயரத்துக்குப் பயமில்லாதவன் என்று அவனை எழுதிக்கொண்டார்கள். கோபுரம் கோபுரமாக ஏறிக் கம்பி கட்டும் வேலை. அம்மாவுக்கு அவன் அந்தச் செய்தியைப் போனில் சொன்னதை நான் கேட்டேன். "மேலதாம்மா இருப்பேன். எப்பவும் மேலதான்," என்றான். போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பி, "இந்த ஒரு குழிடா. இத முடிச்சுட்டா சாகற வரைக்கும் நான் குழில எறங்க வேண்டாம்," என்றான்.

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. வாயை மூடு என்று அதட்டினேன்.

எங்களை லாரியில் கொண்டுபோய் இறக்கிய இடம் ஒரு பழைய ஆற்றுப் படுகை. ஆறு எங்கேயோ வழி மாறிப் போய் ஆண்டுகள் ஆகியிருந்தன. பொட்டல் வெளி, ஒரு பக்கம் மேடு, மேட்டின் உச்சியில் சிவப்புக் கொடி. முதல் நாள் சாயங்காலம் ஒரு மழை அடித்து ஓய்ந்தது. மறுநாள் காலையில் தரை பார்க்க அழகாகத்தான் இருந்தது, பிசைந்து வைத்த மாவு போல. அதைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், வெட்டுவதற்குச் சுலபம் என்று. மண்ணாங்கட்டி மட்டும் முகம் வெளிறி நின்றான்.

எண் எழுதிய சின்னக் கொடிகளை ஐந்தடிக்கு ஒன்றாக நட்டிருந்தார்கள். அவன் பதினைந்தாம் கொடியின் கீழே ஒரு முழம் தோண்டி, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தான். உருட்டித் தூக்கிப் போட்டான். கையில் விழுந்ததும் விரலிடுக்கில் வழிந்து போனது. இன்னொரு பிடி எடுத்தான். அதுவும் அப்படித்தான். பிறகு என் கொடிக்கு வந்து தோண்டினான். அங்கே உருண்டை நின்றது.

"உன் எடத்துல களிமண்ணு ஒரு பட்டை ஓடுது. நீ தப்பிச்ச," என்றான். "என்னுது மேல தோலு மட்டும்தான். கீழ பூரா மணலு."

இடத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதே பொய். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அதுதான் உண்மை.

அவன் விசிலிடம் போனான். அணியில் யாரும் தானாகப் போய் அவரிடம் பேசியதில்லை. நாங்கள் மண்வெட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தோம்.

"சார், அந்த மண்ணு நிக்காது சார்."

"மண்ணு எதுக்குடா நிக்கணும்? நீ நின்னா போதும்."

"பக்கவாட்டுல பலகை குடுத்தா நிக்கும் சார். லாரில பெட்டிப் பலகை கெடக்கு. நாலு பலகை போதும்."

"சண்டையில உனக்கு யாருடா பலகை தூக்கிட்டு வருவான்? எல்லாருக்கும் என்ன அளவோ அதான் உனக்கும். மார்பு ஒசரம் ஆழம், ஓரம் நேரா இருக்கணும், வாய் குறுகலா இருக்கணும். போ."

விசிலை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குழியின் வாய் அகலமாக இருந்தால் டாங்கியின் சங்கிலிச் சக்கரம் உள்ளே இறங்கிவிடும், ஆள் நசுங்கிப் போவான். அதை அவர் கண்ணால் பார்த்தவராம். அதனால் ஒரு மூங்கில் கழியில் கோடு போட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழியாக அளந்துகொண்டே வந்தார். அவருக்குத் தெரிந்த சாவு ஒன்று, மண்ணாங்கட்டிக்குத் தெரிந்த சாவு வேறொன்று. இரண்டு பேருமே சரிதான். ஆனால் கழி ஒருவர் கையில்தான் இருந்தது.

மண்ணாங்கட்டி தன் வழக்கப்படி ஓரங்களைச் சரிவாகச் சீவி இறக்கினான். எங்கள் குழிகள் எலி பறித்தது போல இருக்க, அவனுடையதைப் பார்த்தால் அச்சில் வார்த்தது மாதிரி இருந்தது. விசில் கழியைக் குறுக்கே வைத்தார். இரண்டு கை அகலம் அதிகம்.

"மூடு. பக்கத்துல புதுசா வெட்டு."

"சார், மூடின மண்ணுக்குப் பக்கத்துல வெட்டினா..."

"அடுத்த அணியோட வந்து வெட்டறியா?"

மூடினான். அதன் ஓரத்திலேயே புதிதாக வெட்டத் தொடங்கினான். குழியில் இறங்க மாட்டான், விளிம்பில் மண்டியிட்டு, கையை நீட்டி நீட்டி மடக்கு மண்வெட்டியால் வெட்டினான். இடுப்பளவுக்கு மேல் அப்படி முடியாது. இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்குமுன் என்னைப் பார்த்தான்.

"சும்மா எதையாவது பேசிட்டே இருடா," என்றான். "சத்தம் கேட்டுட்டே இருக்கட்டும்."

பேசினேன். என்னத்தைப் பேசினேன் என்று நினைவில்லை. குறட்டையைப் பற்றிக் கேலி, ஊர் வம்பு, வாய்க்கு வந்ததெல்லாம். பொழுது சாய்வதற்குள் அவன் முடித்தான். விசில் கழியை வைத்துப் பார்த்து, "இது குழி," என்று அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். பன்னிரண்டு வாரத்தில் அவர் ஒருவனைத் தட்டிக்கொடுத்து நான் பார்த்தது அன்றுதான்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி. நல்ல வெயில். மேலே ஈரம் காய்ந்து தரை வெளுத்திருந்தது, அங்கங்கே மயிரிழை போல வெடிப்பு. மண்ணாங்கட்டி குழிக்குள் இறங்காமல் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஒரு வெடிப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தான். நான் என் குழியிலிருந்து, "டேய், எறங்குடா, விசில் வராரு," என்றேன்.

"ராத்திரி இது இல்ல," என்றான்.

பிறகு சத்தம் வந்தது. டாங்கி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் பாதத்தில் தெரிந்தது. குழியின் அடியில் சின்னச் சின்ன மணல் துகள்கள் குதிக்கத் தொடங்கின. விசில் ஊதினார். தலைகள் எல்லாம் உள்ளே போயின. அவனும் போனான், அதுதான் நான் அவனை உயிரோடு கடைசியாகப் பார்த்தது. தலைக்கவசத்தின் உச்சியை மட்டும்தான் பார்த்தேன்.

முழங்காலை மார்போடு கட்டி, காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு குழியையும் நடுவில் விட்டு, இரண்டு பக்கமும் சங்கிலிச் சக்கரம் போகும்படி வரிசையின் மேலேயே டாங்கியை ஓட்டி வருவார்கள். என் தலைக்கு மேல் வந்தபோது பகல் அணைந்து போனது. எண்ணெய் நாற்றம், சூடு, பல்லெல்லாம் ஆடுகிறது. குழியின் ஓரம் முதுகை நெருக்கியது. ஆனால் என்னுடையது களிமண். நின்றது. பிறகு வெளிச்சம் வந்தது. சத்தம் பதினைந்தை நோக்கிப் போனது, பதினாறை நோக்கிப் போனது, தேய்ந்தது. எனக்கு எதிரே யாரோ புகைக்குண்டைக் கொளுத்தியிருந்தார்கள். ஒரு கை தூரம் தெரியவில்லை. காதில் கொய்யென்று ஒரு ரீங்காரம்.

விசில் ஊதினார். எண்ணிக்கை.

ஒன்று. ரெண்டு. மூணு. புகைக்குள்ளிருந்து குரல்கள் மட்டும் வந்தன. பன்னண்டு. பதிமூணு.

"பதினாலு!" என்றேன்.

இடைவெளி.

ஒரு மூச்சு இழுக்கும் நேரம்கூட இல்லை. என் தாடை மார்பில் போய் அழுந்தியது. "பதினஞ்சு!" என்று அடித்தொண்டையில் கத்தினேன்.

"பதினாறு," என்றான் குறட்டை. பதினேழு, பதினெட்டு என்று ஓடி இருபதில் நின்றது. எண்ணிக்கை சரி. இரண்டாவது விசில். எழுந்து, போலிக் கையெறி குண்டை வீசி, குழியை விட்டுத் தாவி, மேட்டை நோக்கி ஓட வேண்டும். பக்கத்தில் பார்க்கக் கூடாது, எதிரே மட்டும்தான் பார்வை என்று சொல்லியிருந்தார்கள். நான் சொன்னபடி கேட்டேன். வாழ்க்கையில் அப்பா சொல் கேட்காதவன், வாத்தியார் சொல் கேட்காதவன், அன்றைக்குக் கேட்டேன்.

ஓடும்போது என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவன் பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், நான் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். சாயங்காலம் இதைச் சொல்லிச் சொல்லி அவன் மானத்தை வாங்கலாம் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டுதான் ஓடினேன்.

மேட்டில் ஏறி, கொடியைச் சுற்றி விழுந்து, நாய் போல மூச்சு வாங்கினோம். விசில் கீழேயிருந்து நிதானமாக நடந்து வந்தார். அட்டையைத் தூக்கினார். மறுபடி எண்ணிக்கை. பதிமூணு. பதினாலு. இடைவெளி.

என் தாடை மறுபடி இறங்கியது. இறங்கியது என்றுதான் சொல்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் இந்த முறை புகை இல்லை. எனக்கும் குறட்டைக்கும் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்குக் காலி இடம் இருந்தது. குறட்டை என்னைப் பார்த்தான்.

"சார், பதினஞ்சு இல்ல," என்றேன்.

"இப்பதான்டா கீழ சொன்னான்?"

நான் ஓடத் தொடங்கினேன். எனக்குப் பின்னால் எல்லோரும் ஓடி வந்தார்கள். கீழே புகை கலைந்திருந்தது. பத்தொன்பது குழிகள் இருந்தன. பதினைந்தாம் கொடி சாய்ந்து கிடந்த இடத்தில் குழியே இல்லை, தட்டுப் போல ஒரு சின்னப் பள்ளம். அவன் மூடிய குழியும் வெட்டிய குழியும் ஒன்றாகச் சேர்ந்து உட்கார்ந்திருந்தன. கையாலும் தலைக்கவசத்தாலும் வாரினோம். வார வார மணல் பக்கத்திலிருந்து வழிந்து வந்தது. விசிலும் மண்டியிட்டுத் தோண்டினார், கழுத்திலிருந்த விசில் மண்ணில் இடித்துக்கொண்டே இருந்தது. அவனை எடுத்தபோது இரண்டு கையும் தலைக்கு மேலே இருந்தன, மேலே ஏற முயன்றவன் கைகள். மருத்துவ ஆள் வெகுநேரம் அவன் மார்பை அழுத்திக்கொண்டிருந்தான். பிறகு நிறுத்திவிட்டான்.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கூடாரத்தில் ஒரு மேசை, ஒரு விசிறி, ஒரு டம்ளர் தண்ணீர். என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: டாங்கி போன பிறகு பதினைந்தாம் எண் குரல் கொடுத்தானா? விசில் மூலையில் நின்றார். அவர் என்னை மிரட்டவில்லை. கெஞ்சுகிற மாதிரிப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே தெரியாது, அவர் அந்தக் குரலைக் கேட்டவர்.

"குடுத்தான் சார்," என்றேன்.

பயம்தான். வேறென்ன? எண்ணிக்கையில் ஏமாற்றியவனைச் சிறையில் போடுவார்கள் என்று நினைத்தேன். குறட்டையையும் கேட்டார்கள், அவனும் கேட்டதாகச் சொன்னான். ஆகவே காகிதத்தில் இப்படி எழுதினார்கள்: டாங்கி கடந்த பின் பயிற்சி வீரர் நலமாக இருந்தார். தாக்குதல் கட்டளைக்குப் பிறகும் அச்சத்தினால் குழியை விட்டு வெளியேறவில்லை. அதன்பின் குழியின் ஓரம் சரிந்தது.

நான் தேறினேன். அணிவகுப்பில் நடந்தேன். பத்து நாள் விடுப்புக் கிடைத்தது. வீட்டுக்குப் போய் மூன்றாம் நாள், அவனுடைய அம்மா சலவைக் கூடத்துப் போனிலிருந்து கூப்பிட்டு, "தம்பி, ஒரு தடவ வந்துட்டுப் போறியா?" என்று கேட்டாள். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டயர்க் கடைக்கு மேலே மூன்று மாடி ஏறினேன். கீழே காற்றடிக்கும் இயந்திரத்தின் சத்தம் அறை வரைக்கும் வந்தது. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, சுவரோரம் அவன் தகரப் பெட்டி. அவள் சின்ன உருவம். விரல்கள் மட்டும் சோப்பிலும் சுடுதண்ணீரிலும் ஊறிப் பெரிதாகியிருந்தன. என்னை உட்கார வைத்து, டீ போட்டுக் கொடுத்தாள்.

"ஆபீசர் ஒருத்தர் வந்து சொல்லிட்டுப் போனாரு," என்றாள். "வண்டி போனப்புறம் கூட எம்புள்ள நல்லாத்தான் இருந்தானாம். சத்தமா நம்பர் சொன்னானாம். அப்புறம் எல்லாரும் ஓடினப்ப இவன் மட்டும் பயந்துகிட்டு உள்ளயே உக்காந்துட்டானாம்."

"ஆமாம்மா."

"நீயும் அவன்கூட மூணு மாசம் படுத்து எந்திரிச்சவன். நீ சொல்லு. எம்புள்ள பயந்தா குழிக்குள்ள உக்காருவானா, குழிய விட்டு ஓடி வருவானா?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அண்ணன் போனப்புறம் அவன் கட்டிலுக்கு அடியில விழுந்த செருப்பக்கூட குனிஞ்சு எடுக்க மாட்டான். குச்சியால தள்ளித்தான் எடுப்பான். அவன் குழிக்குள்ள எறங்கினதே பெருசு. வெளிய வான்னு விசில் அடிச்சப்புறம் ஒரு நொடி உள்ள இருப்பானா? இருந்தான்னா அவனால வர முடியல. வர முடியாதவன் எப்படிப்பா நம்பர் சொன்னான்?"

வெளியிலிருந்து வந்த அதிகாரி விசாரித்துக் கண்டுபிடிக்காததை, படுக்கை விரிப்பு மடிக்கிறவள் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டாள்.

"அது அவன் இல்லம்மா," என்றேன். "நான்தான் சொன்னேன். எண்ணிக்கை தப்பினா எல்லாரையும் ஓட விடுவாங்க. அவன் இல்லாதப்ப நான் சொல்லுவேன், நான் இல்லாதப்ப அவன் சொல்லுவான். பழகிப் போச்சும்மா. அன்னைக்கும் வாய்ல வந்துடுச்சு."

அவள் என்னை அறைந்திருந்தால் நான் நன்றியோடு வாங்கிக்கொண்டிருப்பேன்.

"எத்தன நிமிஷம்?" என்றாள்.

"என்னம்மா?"

"நீ சொன்னதுலேர்ந்து திரும்பி வந்து மண்ணுல கை வைக்கற வரைக்கும். எத்தன நிமிஷம்?"

இந்தக் கேள்வியை விசாரணையில் யாரும் கேட்கவில்லை. ஆனால் எனக்குப் பதில் தெரியும். தினமும் மனதுக்குள் அந்த மேட்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

"பதினொண்ணு."

அவள் தலையை ஆட்டினாள். பள்ளம் வெட்டும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். மண்ணுக்குள் ஒரு மனிதனுக்கு எத்தனை நிமிடம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"பெரியவன் விழுந்தப்ப தெருவே தோண்டுச்சு. தெரிஞ்சும் முடியல," என்றாள். "இவன் உன் பக்கத்துல அஞ்சடியில இருந்தான். சத்தம் வரல இல்ல? அது வராததுதான்டா அவன் உன்னக் கூப்பிட்டது. பாதி மண்ணு மூடுச்சு. மீதிய நீ மூடிட்ட."

கீழே யாரோ டயரை உருட்டிப் போட்ட சத்தம் கேட்டது. அவள் எழுந்து, கொடியில் கிடந்த புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து வைத்தாள்.

"போயி எழுதிக் குடு. எம்புள்ள பயந்து உள்ள உக்காந்திருந்தான்னு ஒரு காகிதம் இருக்கில்ல, அது இருக்கக் கூடாது. உனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும்."

விடுப்பில் இன்னும் ஏழு நாள் பாக்கி இருந்தது. நான் படியிறங்கி, பேருந்து நிலையத்துக்கு நடந்து, முகாமுக்குப் போகிற வண்டியில் ஏறினேன்.